உட்கார்ந்த காலும் நடந்த காலும்: ஊரிகத்திலிருந்து பேஸ் டிரம் பெடலின் வரலாறு

பேஸ் டிரம் என்னும் பெருமுரசுக்குக் கோலார் தங்கவயலில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று தெரு. திருமண ஊர்வலமாயினும் தேர்பவனியாயினும், பேண்டு செட்டில் அம்முரசைத் தோள்வாரில் மாட்டி மார்பின்மேல் சுமந்து நடப்பவர் ஒருவர். அதை அடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய அவருக்குக் கை ஒழியாது. மற்றொன்று, ஊரிகத்திலும் அதன் அண்டைக் குடியிருப்புகளிலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் கூடிய கிளப்புகளின் நடனத்தளம். அங்கே அதே முரசு தரையில் நிறுத்தப்பட்டிருக்கும். அதன் பின்னே முக்காலியில் அமர்ந்தவரின் வலது கால் மட்டுமே அதற்கு உரியது. அவருடைய இரு கைகளும் இடது காலும் வேறு கருவிகளை இயக்கிக்கொண்டிருக்கும். ஒரு முழு மனிதரின் வேலை ஒரு காலின் வேலையாகச் சுருங்கியதற்குக் காரணம், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சிறிய இரும்புக் கருவி. அதைப் பெடல் என்கிறோம். இசைக்கருவிகளின் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாத இக்கருவி, உழைப்பின் வரலாற்றில் தனி இயலுக்கு உரியது.

முரசின் பிறப்பு இங்கிலாந்திலன்று. துருக்கியின் யானிசேரிப் படைகளுக்கு முன்னே முழங்கிய தாவுல் என்னும் இருமுக முரசையே 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் தமதாக்கிக்கொண்டன. பின்னர் அது இசைநாடக அரங்கிலும் புகுந்தது. மோட்சார்ட் 1782இல் அரங்கேற்றிய துருக்கிக் கதைநாடகத்தில் அதன் ஒலி உண்டு. ஆங்கிலேயப் படையணிகளோடு அது இந்தியாவுக்கு வந்தது. படைமுகாம்களின் பேண்டு வாத்தியத்தைப் பார்த்துப் பழகிய இந்தியர், சீருடையையும் பித்தளைக் குழல்களையும் திருமண வீதிக்குக் கொண்டுவந்தனர். இத்தனை பயணத்திலும் மாறாத ஒன்று உண்டு. முரசு நடந்தது, அதைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டார், கைத்தாளத்தை மோத இன்னோர் ஆள், சிறுமுரசுக்கு மற்றோர் ஆள் எனத் தாளப்பகுதிக்கே மூவர் இருந்தனர்.

படை நடக்கும்போது மூவர் என்பது சுமையன்று, அழகு. நாடக அரங்கில் அவ்வாறில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களின் நாடகக் கொட்டகைகளில் மேடைக்குக் கீழிருந்த இசைக்குழி குறுகலானது. இருக்கை ஒன்றுக்குக் கூலி ஒன்று. அங்கே ஒருவரே இரு முரசுகளையும் குச்சியால் அடிக்கும் முறை பிறந்தது. பெருமுரசை அருகே நிறுத்தி, ஒரே கை நொடிக்கொரு முறை அங்கும் இங்கும் பாய வேண்டும். இம்முறையில் வல்லவர்கள் இருந்தனர். எனினும் ராக்டைம் போன்ற விரைவிசை வந்தபோது கை போதவில்லை. சும்மா இருந்த காலின்மீது கண் விழுந்தது.

முதலில் வந்த பெடல்கள் தொங்குவகை. முரசின் மேல்விளிம்பில் பொருத்தப்பட்ட நீண்ட தண்டு கீழ்நோக்கித் தொங்கும். காலால் தள்ளினால் ஆடி முரசில் மோதும். ஊஞ்சலின் குறை அதிலும் இருந்தது. நீளமான ஊஞ்சல் தன் நேரத்தில்தான் திரும்பும், அவசரப்படுத்தினால் கேட்காது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜான் ரோபிஷோவின் இசைக்குழுவில் வாசித்த டீ டீ சாண்ட்லர் என்னும் கறுப்பினக் கலைஞர், 1890களில் தாமே செய்த பெடலைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஆயினும் வணிக வெற்றி வேறொருவருக்கே வாய்த்தது. சிகாகோவின் அரங்குகளில் வாசித்துவந்த வில்லியம் எஃப். லுட்விக், விரைவிசைக்குத் தொங்குபெடல் ஈடுகொடுக்காமை கண்டு, மரத்தில் ஒரு சிறு மாதிரி செய்தார். முரசின் கீழ்விளிம்பைக் கவ்விக்கொள்ளும் அக்கருவியில் அடிகோல் குறுகியது. ஆகவே அதன் வீச்சும் குறுகியது. பொறியியல் அறிந்த மைத்துனர் ராபர்ட் டான்லியின் துணையோடு அது உலோகத்துக்கு மாறியது. 1909இல் லுட்விக் உடன்பிறந்தார் இருவரும் தொடங்கிய நிறுவனத்தின் முதற்பொருள் இதுவே. முரசு செய்து புகழ்பெற்ற நிறுவனம், முரசை அடிக்கும் மிதியிலிருந்துதான் பிறந்தது.

இங்கே ஓர் ஒப்புமை. அவ்வரங்குகளின் தாளக்கலைஞர் முரசு மட்டும் அடித்தவரல்லர். குதிரைக் குளம்பொலி, இடி, மணி, ஊதல் எனக் காட்சிக்குத் தேவையான எல்லா ஒலிகளுக்கும் அவரே பொறுப்பு. தமிழகத்தின் ஸ்பெஷல் நாடகத்தில் இப்பணியைச் செய்பவர்க்கு ‘ஆல்ரவுண்ட்’ என்று பெயர். சிகாகோவிலும் மதுரையிலும் பல வாத்தியங்கள் ஓர் ஆளிடம் குவிந்தமைக்குக் கலைக்கொள்கை காரணமன்று. இடமும் கூலியுமே காரணம். ஒரு கலைஞரின் திறமை பெருகியது என்று நாம் மகிழும் இடத்தில் இரு கலைஞர்களின் இருக்கை காணாமற்போயிருப்பதையும் எண்ண வேண்டும்.

காலால் இயங்கும் பொறி தமிழர்க்குப் புதிதன்று. ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த கால், குழித்தறியில் மிதிபலகையை மாற்றி மாற்றி அழுத்திய கால், பின்னாளில் தையல் இயந்திரத்தை ஓட்டிய கால், நாடக மேடையில் கால் ஆர்மோனியத்துக்குக் காற்றூட்டிய கால் என அதற்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் இவற்றிலெல்லாம் கால் தருவது ஆற்றல். அழகை முடிவு செய்வது கை. தையற்காரரின் கால் எப்போது அழுத்தியது என்று சட்டை சொல்லாது. பெடலிலோ கால் தருவதே இசை. அழுத்தத்தின் அளவு, அழுத்திய கணம், விட்ட கணம் மூன்றும் கேட்பவர் காதுக்கு நேரே சென்றுவிடும். அதனால்தான் பெடலின் உயிர் மிதியில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. அடித்த கோலை அடுத்த அடிக்கு முன் பின்னிழுத்து வைக்கும் சுருள்வில்லே அதன் இதயம். லுட்விக்கின் சாதனையும் அடிக்கும் வழியைக் கண்டதன்று. கோல் விரைந்து திரும்பும் வழியைக் கண்டதே.

இனி ஊரிகம். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கால்பதித்தபின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் இங்கே ஆழ்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மேலே பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தவர்கள் ஐரோப்பியர். அவருள் கார்ன்வால் சுரங்கக்காரர் பலர். வழிபாட்டுக் கூடமும் பித்தளை வாத்தியக் குழுவும் அவர்தம் ஊர்ப்பண்பாட்டின் இரு தூண்கள். நடுவே ஆங்கிலோ-இந்தியர். கீழே, பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். பங்களாவுக்கும் லைன் வீட்டுக்கும் இடையே இருந்த தொலைவு சில நூறு கெஜம்தான். கிளப்பின் நடன இசை லைனுக்குக் கேட்டிருக்கும். லைனின் பறையொலி கிளப்புக்கும் கேட்டிருக்கும். ஒலிக்கு வேலி இல்லை, ஆளுக்குத்தான் இருந்தது.

இரு முரசுகளையும் அருகருகே வைத்தால் ஒரு செய்தி துலங்கும். 1957இல் ரீமோ நிறுவனம் மைலார் என்னும் செயற்கைத் தகட்டைப் பரவலாக்கும்வரை, உலகெங்கும் பேஸ் டிரம்மின் முகம் கன்றின் தோலே. பெடலின் மிதியையும் அடிகோலையும் இணைத்த வாரும் பெரும்பாலும் தோலே. பறையின் முகமும் மாட்டுத்தோல்தான். ஒன்றைத் தீட்டென்றும் மற்றொன்றை நாகரிகமென்றும் பிரித்தது தோலன்று. அதைத் தொட்டவர் யார், எங்கே நின்று அடித்தார் என்பதே. மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். அதைச் செய்துதரும் தொழிலாளர் குறித்து டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ இம்முரண்பாட்டைச் சபைக்குக் கொண்டுவந்தது. பெடலின் வார் அறுந்தால் அதைத் தைத்துத் தருவதற்கு யாரிடம் போக வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை.

உட்கார்வதற்கும் நிற்பதற்கும் தமிழிசையில் ஒரு சாதிக்கணக்கு எப்போதும் உண்டு. நின்றபடி நாகசுரம் வாசித்த மரபை மாற்றி மேடையில் அமர்ந்து வாசித்தவராக டி. என். ராஜரத்தினம் பிள்ளை இன்றும் நினைக்கப்படுவது அதனாலேயே. பெடல், உட்கார்ந்தவருக்கு மட்டுமே உதவும் பொறி. நடப்பவர் காலுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. எனவே தெருவில் முரசு சுமந்தவர்க்கு 1909ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு எதையும் தரவில்லை, அவர் வேலையைப் பறிக்கவும் இல்லை. சிகாகோவில் ஒருவரை வெளியேற்றிய கருவி தங்கவயலின் தெருவில் ஒருவரைச் சுமையோடு அப்படியே விட்டுவைத்தது. எது நல்லது என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

தங்கவயலுக்கு வந்தவர்க்கு மற்றொரு கேள்வியும் இருந்தது: பறையை அடிப்பதா, விடுவதா? கிராமத்தில் அது கலை மட்டுமன்று, கட்டாயக் கடமை. சுரங்க நிறுவனம் கேட்ட உழைப்பு கொடியது. எனினும் சாவுக்குப் பறையடிக்கச் சொல்லி அது ஆளனுப்பவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளைவிட்டதும், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பின்னர் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்து வெளிவந்ததும் இம்மண்ணின் தன்மதிப்பு வரலாற்றில் முதன்மையானவை. 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல ஊர்களில் பறையடிக்க மறுப்பதே போராட்டமாயிற்று. அதே நூற்றாண்டின் இறுதியில் பறையை மேடையேற்றுவதும் போராட்டமாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே, சாதிப்பெயர் ஒட்டாத தாளக்கருவியாக இளைஞர் கைக்குக் கிட்டியது டிரம்ஸ். அதன் முன் அமர்பவரை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. குறைந்தது, வாசிக்கும்போது கேட்பதில்லை. மேலைக் கருவியின் மீதான விருப்பத்தை வெறும் மோகம் என்று தள்ளுவோர் இதைக் கருதுவதில்லை.

ஆனால் அந்த இருக்கைக்கு விலை உண்டு. பறையைக் காய்ச்சத் தீ போதும். பெடலுக்குப் பராமரிப்பு வேண்டும். சுரங்கத் தொழிலில் டிரம் என்ற சொல் இன்னொன்றையும் குறிக்கும்: ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் எஃகுவடம் சுற்றப்படும் பேருருளை. அதன் வடத்தையும் தடையையும் நாள்தோறும் சோதிப்பது அங்கே உயிர்ப்பிரச்சினை. ஃபிட்டரும் டர்னரும் கொல்லரும் நிறைந்த ஊரில் பெடல் என்னும் சிறுபொறி புதிராக இருந்திருக்க முடியாது. நெம்புகோல், அச்சு, வில், கவ்வி என அதன் உறுப்புகள் அனைத்தும் பணிமனை அறிந்தவையே.

பெடலைத் தேர்பவர் முதலில் காண வேண்டியது மிதிக்கும் கோலுக்கும் இடையேயான இணைப்பு. தோல்வார் மென்மையானது, ஓசையற்றது. ஆனால் நாளடைவில் நீளும், திருகு புகும் துளையருகே வெடிக்கும். சங்கிலி நீளாது; ஆனால் எடை கூடும், தூசியை வாங்கி வைத்துக்கொள்ளும். உறுதியான உலோக இணைப்பில் தளர்வே இல்லை. கால் செய்வது அனைத்தும், பிழையுட்பட, முரசில் கேட்கும். அடுத்தது, சங்கிலியோ வாரோ தழுவிச்செல்லும் சக்கரத்தின் வடிவம். அது முழுவட்டமாயின் அழுத்தத்துக்கு நேர்விகிதமாகக் கோல் நகரும். மையம் விலகியதாயின் கடைசி அங்குலத்தில் கோல் பாயும். முன்னது மென்மையாக வாசிப்பவர்க்கும் குதிகாலைத் தரையில் ஊன்றுபவர்க்கும் ஏற்றது. பின்னது குதிகாலைத் தூக்கி முழுக்காலால் அடிப்பவர்க்கு ஏற்றது. கோலின் தலை கம்பளியாயின் ஒலி உருண்டு வரும். மரமாயின் தெறிக்கும், முரசின் முகத்தில் ஒட்டுத்துண்டு வைக்காவிட்டால் நாளடைவில் கிழிக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் பெரும்பாலும் மறப்பது ஒன்று: மாற்றுச் சுருள்வில் உள்ளூரில் கிடைக்குமா என்பது. கிடைக்காத பெடல் எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு வில்லின் ஆயுளே அதன் ஆயுள்.

பழைய பெடல் வாங்குபவர் மிதியை அழுத்திப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. கோலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் அச்சின் தாங்கி தேய்ந்துவிட்டது. வில்லின் கொக்கி மாட்டும் இடத்தில் இரும்பு அரிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். அப்பள்ளத்தில்தான் முதல் கிரீச்சொலி பிறக்கும். வில்லை முறுக்குவதில் பலர் செய்யும் தவறு, இறுக்கம் கூடினால் வேகம் கூடும் என்று நம்புவது. ஓரளவுக்கு மேல் இறுக்கினால் கால் முரசோடு போராடுவதை விட்டு வில்லோடு போராடும். ஓய்வுநிலையில் கோல் முரசின் முகத்துக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து நிற்பது நல்ல தொடக்கம். கவ்விக்கும் மரவளையத்துக்கும் இடையே ஒரு துண்டு ரப்பரோ பழைய தோலோ வைத்தால் வளையம் நசுங்காது. கம்பளித் தலையை அவ்வப்போது கால்வட்டம் திருப்பி வைத்தால் ஒரே பக்கம் தட்டையாகாது.

ஊரிகம் போன்ற இடத்துக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது தூசி. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலைகளாகக் குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றடிக்கும் பருவத்தில் எழும் நுண்துகள், எண்ணெய் பட்ட எந்தத் திறந்த தாங்கியிலும் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும். மூடிய பேரிங் உள்ள பெடலே அங்கே உகந்தது. திறந்ததாயின், பழைய எண்ணெயைத் துடைத்தபின்னரே புதியதை இட வேண்டும், அதுவும் ஒரு துளி. இரண்டாவது, வீட்டுத் தேங்காயெண்ணெய். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரின் மார்கழி இரவில் அது உறைந்துவிடும். கிறித்துமஸ் நடனத்தின் நடுவே பெடல் பசைபோட்டது போல் நிற்கும். தையல் இயந்திர எண்ணெய் இதற்குப் போதும்.

கிரீச்சொலி ஏழைகளின் பெடலுக்கு மட்டும் உரியதன்று. 1937இல் லுட்விக் வெளியிட்ட ஸ்பீட் கிங், வில்லை இரு தூண்களின் உள்ளே மறைத்துவைத்த அரிய அமைப்பு. ஜான் பானம் போன்ற பெருங்கலைஞரின் விருப்பப் பெடலும் அதுவே. அது கிரீச்சிடும் ஓசை, 1970இல் வெளிவந்த லெட் செப்பலின் இசைத்தட்டொன்றில் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. பெடலுக்கு எண்ணெய் விடாமை நிலைத்த புகழ் பெற்ற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1970களின் இறுதியில் டான் லொம்பார்டியின் டிரம் வொர்க்‌ஷாப் நிறுவனம் காம்கோவின் வார்ப்புகளை வாங்கிச் சங்கிலிப் பெடலைப் பரப்பியது. 1980களில் இரட்டைப் பெடல் வந்தது. ஒரே முரசை இரு கால்களும் அடிக்கலாயின. சென்னைத் திரையிசையில் டிரம்ஸ் நிலைபெற்றது. தம்மை ஈர்த்தவர்களுள் ஒருவராக நோயல் கிராண்டைக் குறிப்பிடும் சிவமணி, பின்னர் அக்கருவியை மேடையின் நடுவுக்கே கொண்டுவந்தார். தங்கவயலிலோ எதிர்த்திசை. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன தலைமுறையின் பிள்ளைகள் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். அவர்களுள் இசை தெரிந்தவர்க்குத் தேவாலயப் பாடற்குழுவும் மெல்லிசைக் கச்சேரியும் வார இறுதிக் கூலி தரும் களங்கள். அங்கே பெடல் பெரும்பாலும் இரவல், அல்லது பலர் மாறி மாறி மிதிக்கும் பொதுச்சொத்து. ஒவ்வொரு காலும் வில்லைத் தனக்கேற்ப முறுக்கிவிட்டுப் போகும். அடுத்தவர் வந்து தளர்த்துவார். திருகின் மரை தேய்வது பெரும்பாலும் இப்படித்தான்.

தெருவும் மாறிவிட்டது. அண்மைக்கால ஊர்வலங்களில் கீபோர்டையும் டிரம்ஸையும் ஒரு சிறு வண்டியில் ஏற்றி, வாசிப்பவரை அதன்மேல் அமர்த்தி மெல்ல நகர்த்திச் செல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் பெடல் தெருவுக்கு இறங்கியது இவ்வாறே. முரசு சுமந்தவர் உட்கார்ந்தார். நடப்பதை வண்டி ஏற்றுக்கொண்டது. சுமந்தவர் அனைவர்க்கும் வண்டியில் இடம் கிடைத்ததா என்பது வேறு. சாலைக் குண்டுகுழிகளில் வண்டி குலுங்கும்போது பெடலின் கவ்வி சிறிது சிறிதாகத் தளர்ந்து, மிதி முரசை விட்டு முன்னே நழுவும். ஆகவே வண்டி ஏறும் கலைஞர்க்குத் தேவையானவை மூன்று: தரையில் ஆணியடித்த மரச்சட்டம் ஒன்று, மாற்றுவில் ஒன்று, ஒவ்வொரு தெருமுனையிலும் குனிந்து திருகை இறுக்கிவிட ஒரு பையன்.